மாமன்னர் "இணக்கம் தெரிவித்தார்"னு செய்தி வந்தா அதை எப்படிப் படிக்கிறது

2022 நவம்பர் 22, ராத்திரி பத்து மணி இருக்கும். மலேசியாவுல ஒரு மாமாக் கடைல, அதாவது தமிழ் முஸ்லிம் டீக்கடைல, நானும் எங்க அக்கா மகனும் உக்காந்திருக்கோம், தே தாரிக் ஆறிப்போச்சு, மேல டிவில இஸ்தானா நெகாரா, அதாவது மாமன்னர் அரண்மனை, கேட்டையே மாத்தி மாத்திக் காட்டிக்கிட்டிருக்கான், ஒரு கார் உள்ள போகுது, ஒரு கார் வெளிய வருது, எல்லாம் கறுப்புக் கண்ணாடி, உள்ள யாருன்னே தெரியல. பயலுக்கு அப்ப 19 வயசு. 18 வயசுலயே ஓட்டுப் போடலாம்னு சட்டம் மாறினப்புறம் வந்த முதல் பொதுத்தேர்தல் அப்பத்தான் முடிஞ்சிருந்துச்சு, அன்னைக்குக் காலைலயே போய் வரிசைல நின்னு ஓட்டுப் போட்டுட்டு மை வச்ச விரலை போட்டோ எடுத்து குடும்ப குரூப்புல போட்டவன். அவன் கேக்கிறான், "மாமா, ஓட்டுப் போட்டது நாங்க, எண்ணியாச்சு, ரிசல்ட்டும் வந்தாச்சு, இப்ப எதுக்கு எல்லாரும் அரண்மனை வாசல்ல போய் நிக்கிறாங்க?"

நியாயமான கேள்வி. நான் டிஷ்யூ பேப்பரை எடுத்து எழுதிக் காட்டினேன். எந்தக் கூட்டணிக்கு எத்தனை சீட்டுன்னு: அன்வாரோட பக்காத்தான், கூட நின்ன மூடா கட்சியோட ஒண்ணையும் சேர்த்து 82. முகிதினோட பெரிக்காத்தான் 73. தேசிய முன்னணி 30. சரவாக் ஜிபிஎஸ் 23. சபா ஜிஆர்எஸ் 6, வாரிசான் 3, மிச்சம் சில்லறை. மொத்தம் 222 சீட்டு, வேணும்கிறது 112, ஒருத்தர்கிட்டயும் இல்ல. அப்புறம் சொன்னேன், நீ பிரதமருக்கு ஓட்டுப் போடலடா, உன் தொகுதி எம்பிக்குத்தான் போட்ட, அந்த 222 பேர்ல பாதிக்கு மேல யார் பக்கம் நிக்கிறாங்கன்னு ஒருத்தர் பார்த்து முடிவு பண்ணி "நீதான் பிரதமர்"னு கடிதத்தை கைல கொடுக்கணும், அந்த ஒருத்தர்தான் மாமன்னர்.

அன்னைக்கு அவனுக்குச் சொன்னது, அப்புறம் பல பேருக்குச் சொன்னது, எல்லாத்தையும் இங்க சேர்த்து எழுதுறேன். ராஜாவும் இருக்காரு, ஜனநாயகமும் இருக்கு, ரெண்டும் எப்படி ஒரே வீட்டுல குடித்தனம் பண்ணுதுன்னு புத்தகத்துல தேடினா தலை சுத்தும், ஆனா அரண்மனைல இருந்து வர்ற செய்தியைப் படிக்கப் பழகிட்டீங்கன்னா தானா பிடிபட்டுடும். நான் மலேசியாவை வச்சுத்தான் சொல்றேன், எனக்குத் தெரிஞ்சது அதுதான், இங்கிலாந்துல கொஞ்சம் வேற மாதிரி.

முதல் வேலை இதுதான். மாமன்னர் பேரு வர்ற எந்தச் செய்தியைப் பார்த்தாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இது அவர் அடுத்தவங்க சொல்லிச் செய்யுறதா, இல்ல தானா பார்த்து முடிவு பண்றதா?

நம்ம கூட்டரசு அரசியலமைப்புல 40வது பிரிவு இருக்கு, மொத்தப் புத்தகத்துல இந்த ஒரு பக்கத்தை மட்டும் படிச்சாலே பாதிக் குழப்பம் தீந்துடும். பொதுவா மாமன்னர் அமைச்சரவையோட ஆலோசனைப்படிதான் நடக்கணும்னு அது சொல்லுது. ஆலோசனைன்னதும் நம்ம ஊர் பெரியவங்க சொல்ற மாதிரி, கேட்டாலும் கேக்கலாம் விட்டாலும் விடலாம்னு நினைச்சுடாதீங்க, 1994ல ஒரு திருத்தம் கொண்டு வந்து, ஆலோசனை வந்தா அதை ஏத்துக்கிட்டு அதன்படியே நடக்கணும்னு அடிச்சு எழுதி வச்சுட்டாங்க. அதே பிரிவுல மூணு விஷயத்தை மட்டும் தனியா எடுத்து, இதுல அவர் சொந்தமா முடிவு பண்ணலாம்னு விட்டிருக்கு. ஒண்ணு, பிரதமரை நியமிக்கிறது. ரெண்டு, நாடாளுமன்றத்தைக் கலைங்கன்னு கேட்டா முடியாதுன்னு சொல்றது. மூணாவது, ஆட்சியாளர்களோட, அதாவது ஒன்பது மாநிலத்து ராஜாக்களோட, அந்தஸ்து, சலுகை பத்தி மட்டும் பேசறதுக்கு ஆட்சியாளர்கள் மன்றத்தைக் கூட்டச் சொல்றது. மூணாவது நமக்கு அவ்வளவா தேவைப்படாது. முதல் ரெண்டும்தான் கடந்த சில வருஷமா நம்மளைத் தூங்க விடாம பண்ணினது.

இந்த "ஆலோசனை"ங்கிற வார்த்தைக்கு பெரிய வரலாறே இருக்கு, சொல்லாமப் போக மனசு வரல. 1874ல பங்கோர் ஒப்பந்தம் போட்டப்ப பேராக் சுல்தான் பக்கத்துல ஒரு பிரிட்டிஷ் ரெசிடென்ட்டை உக்கார வச்சாங்க, மலாய்க்காரங்க மதமும் பழக்கவழக்கமும் தவிர மத்த எல்லாத்துலயும் அவர்கிட்ட ஆலோசனை கேக்கணும், கேட்டு அதன்படி நடக்கணும்னு எழுதினாங்க. ஆலோசனைன்னு பேரு, உண்மைல உத்தரவு. சுதந்திரம் வந்தப்ப ரெசிடென்ட் போயிட்டாரு, அந்த நாற்காலில மக்கள் தேர்ந்தெடுத்த அமைச்சரவை வந்து உக்காந்துச்சு, வார்த்தை மட்டும் அப்படியே நின்னுடுச்சு. இந்த அரசியலமைப்பை வரைஞ்ச ரீட் கமிஷன்ல அஞ்சு பேரு, அதுல ஒருத்தர் ஐவர் ஜென்னிங்ஸ், இலங்கைப் பல்கலைக்கழகத்தோட முதல் துணைவேந்தரா இருந்தவர், இன்னொருத்தர் அலகாபாத் ஐகோர்ட்டுத் தலைமை நீதிபதியா இருந்த மாலிக். இந்தியா 1950லயும் இலங்கை 1972லயும் முடியை இறக்கி வச்சுட்டுக் குடியரசா மாறிடுச்சு, நாம மட்டும் நம்ம சொந்த ராஜாக்களையே வச்சுக்கிட்டு அதே முறைல ஓடிக்கிட்டிருக்கோம்.

சரி, சொல்லிச் செய்யுறதுக்கு எடுத்துக்காட்டு. வருஷா வருஷம் நாடாளுமன்றக் கூட்டத்தொடரை மாமன்னர் திறந்து வச்சு உரை வாசிப்பாரு, "கெராஜாஆன் பெத்தா", அதாவது என் அரசாங்கம், இதைச் செய்யும் அதைச் செய்யும்னு வரும். மறுநாள் பேப்பர்ல "மாமன்னர் உறுதி"ன்னு தலைப்பு. அந்தக் கொள்கையெல்லாம் அரசாங்கம் எழுதிக் கொடுத்தது, அடுத்த தேர்தல்ல எதிர்க்கட்சி ஜெயிச்சா அதே மாமன்னர் அதே சிம்மாசனத்துல உக்காந்து நேரெதிரான கொள்கையை "என் அரசாங்கம்"னு வாசிப்பாரு. அதுக்கு நடுவுல எம்பிக்கள் ஒழுங்கா நடந்துக்கணும், சண்டை போடாதீங்கன்னு அவரே புத்தி சொல்ற இடமும் வரும், அது அவரோட சொந்தப் பேச்சு. ரெண்டையும் பிரிச்சுப் படிக்கணும். நீதிபதி நியமனம், செனட்டர் நியமனம் இதெல்லாமும் இந்தக் கணக்குலதான் வரும், "மாமன்னர் நியமித்தார்"னு போட்டா அதுக்குப் பின்னாடி பிரதமரோட பரிந்துரை இருக்குன்னு எடுத்துக்கங்க. மேலவைல 70 பேர்ல 44 பேர் மாமன்னர் நியமிக்கிறவங்கதான், அதுக்காக ராஜா கட்சின்னு ஒண்ணு அங்க உக்காந்திருக்கா என்ன? ஆளுங்கட்சி கொடுக்கிற பேருதான்.

சட்டத்துல கையெழுத்துப் போடறதும் இப்படித்தான். ரெண்டு அவையும் பாஸ் பண்ணின மசோதா மாமன்னர்கிட்ட போகும், 30 நாளுக்குள்ள ஒப்புதல் தரணும், தரலன்னா 30 நாள் முடிஞ்சதும் ஒப்புதல் தந்த மாதிரியே சட்டமாயிடும். இது ஆரம்பத்துல இப்படி இல்ல. 1983ல டாக்டர் மகாதீர் அரசாங்கம் 15 நாள்னு கெடு வச்சு, போதாததுக்கு அவசரகாலம் அறிவிக்கிற அதிகாரத்தையும் பிரதமர் கைக்கு மாத்துற மாதிரி ஒரு திருத்தத்தைக் கொண்டு வந்தாரு, அந்தத் திருத்தத்துக்கே மாமன்னர் ஒப்புதல் வேணும், ஆட்சியாளர்கள் முடியாதுன்னுட்டாங்க. மாசக்கணக்குல இழுபறி, பிரதமர் ஊர் ஊராப் போய் கூட்டம் போட்டாரு. கடைசில சமரசமாகி, வேணும்னா காரணம் எழுதி ஒரு தடவை திருப்பி அனுப்பலாம்னு 1984ல மாத்தினாங்க, 1994ல அதையும் எடுத்துட்டாங்க. அதனால "மாமன்னர் கையெழுத்துப் போடாம சட்டத்தை நிறுத்திடுவாரு"ன்னு யாராவது சொன்னா 30 நாள் கணக்கைச் சொல்லுங்க. ஒரு விலக்கு இருக்கு. ஆட்சியாளர்களோட பதவி, அந்தஸ்தை நேரடியாத் தொடுற சட்டம், மலாய் மொழி, குடியுரிமை, மலாய்க்காரங்க, சபா சரவாக் பூர்வகுடிங்களோட சிறப்பு நிலை பத்தின 153வது பிரிவு மாதிரி சிலதை மாத்துற திருத்தம், இதுக்கெல்லாம் ஆட்சியாளர்கள் மன்றத்தோட சம்மதம் கட்டாயம், அங்க 30 நாள் கணக்கெல்லாம் செல்லாது.

இப்ப சொந்த முடிவுக்கு வருவோம், விஷயமே இங்கதான். 43வது பிரிவு: மக்களவைல பெரும்பான்மை உறுப்பினர்களோட நம்பிக்கையைப் பெறக்கூடியவர்னு மாமன்னருக்கு யாரைத் தோணுதோ அந்த எம்பியைப் பிரதமரா நியமிக்கணும். இதை மெதுவாப் படிங்க. "அவருக்குப் பிடிச்சவர்"னு இல்ல. "நல்லவர்"னு இல்ல. அதிக சீட்டு வாங்கின கட்சித் தலைவர்னும் இல்ல, கவனிச்சீங்களா, கட்சிங்கிற வார்த்தையே அதுல கிடையாது. சொந்த முடிவுன்னா சொந்த விருப்பம்னு நம்மாளுங்க நினைக்கிறாங்க, அங்கதான் தப்பு நடக்குது. அவர் முடிவு பண்றது ஒரு கணக்கை, இவருக்கு 112 பேர் இருக்காங்களா இல்லையாங்கிறதை. கணக்கு தெளிவா இருக்கிற வருஷம் அந்த வேலை ஒரு சடங்கு மாதிரி சீக்கிரமே முடிஞ்சுடும். கணக்கு கலங்கலா இருக்கிற வருஷம் அதே வரி நாட்டையே தூக்கி நிறுத்துற தூணாயிடுது.

தெளிவா இருந்ததுக்கு 2018ஐப் பாருங்க. மே 9 தேர்தல், 10ஆம் தேதி ராத்திரியே டாக்டர் மகாதீர் பதவிப் பிரமாணம் எடுத்துட்டாரு. அன்னைக்குப் பகல் முழுக்க ஏன் லேட்டாகுதுன்னு நாடே நகத்தைக் கடிச்சுக்கிட்டிருந்துச்சு, ஆனாலும் ஒரே நாள்தான்.

கலங்கினதுக்கு 2020. பிப்ரவரி 24 மகாதீர் ராஜினாமா பண்ணிட்டாரு, அதே நாள் மாமன்னர் அவரையே இடைக்காலப் பிரதமரா இருக்கச் சொன்னாரு. அப்ப மாமன்னர் பகாங் சுல்தான் அப்துல்லா. கட்சிங்க உடையுது, ஒரே எம்பி காலைல ஒரு பக்கம் சாயங்காலம் ஒரு பக்கம், யாரைக் கேட்டாலும் என்கிட்டதான் நம்பர் இருக்குங்கிறாங்க. அவர் என்ன பண்ணினாருன்னா அடுத்த ரெண்டு நாள்ல எம்பிக்களை ஒவ்வொருத்தரா அரண்மனைக்குக் கூப்பிட்டு, நீங்க யாரை ஆதரிக்கிறீங்கன்னு நேராக் கேட்டாரு. பஸ்ஸுலயும் கார்லயும் வந்து இறங்கி வரிசைல உக்காந்து ஆளுக்குச் சில நிமிஷம். வாசல்ல வெயில்ல காத்துக் கிடந்த நிருபர்களுக்கு அவரே சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்த போட்டோ ஞாபகம் இருக்கா, அந்த வாரம்தான். அப்படியும் ஒருத்தருக்கும் பெரும்பான்மை தெரியலன்னு திரும்பக் கட்சித் தலைவர்களைக் கேட்டு, மார்ச் 1 முகிதின் பதவி ஏத்தாரு.

2021ல முகிதின் ஆகஸ்டு 16 ராஜினாமா. கொரோனா காலம், இந்தத் தடவை எம்பிக்கள் யாரை ஆதரிக்கிறாங்கன்னு எழுத்துலயே கேட்டாரு. இஸ்மாயில் சப்ரி பேருக்கு 114 பேர் வந்துச்சு, அந்த 114 பேரையும் கூப்பிட்டு "இது உங்க முடிவுதானா"ன்னு உறுதி பண்ணிக்கிட்டாங்க, ஆகஸ்டு 21 பதவியேற்பு. 2022ல நான் முன்னாடி சொன்ன டிஷ்யூ பேப்பர் கதை. கட்சிங்க பேரைக் கொடுக்க முதல்ல 21ஆம் தேதி மத்தியானம் 2 மணி வரைக்கும் கெடு, அப்புறம் ஒரு நாள் தள்ளிப் போச்சு, அதுலயும் முடியல, பக்காத்தானும் பெரிக்காத்தானும் சேர்ந்து ஒற்றுமை அரசாங்கம் அமையுங்கன்னு அவர் சொன்னதை முகிதின் ஒத்துக்கல. 24ஆம் தேதி காலைல மத்த ஆட்சியாளர்களோட பேசிட்டு, சாயங்காலம் 5 மணிக்கு அன்வார் பதவியேத்தாரு. எங்க டிஷ்யூல 82ஐயும் 30ஐயும் கூட்டி 112னு பயல் வட்டம் போட்டு வச்சிருந்தான், அந்த வட்டம்தான் கடைசில நின்னுச்சு, கூடவே சரவாக்கும் சபாவும் வந்ததால மூணுல ரெண்டு பங்குக்குப் போயிடுச்சு.

இப்படி ஒரு நியமனச் செய்தியைப் படிக்கிறப்ப ரெண்டாவது கேள்வி கேட்டுப் பழகுங்க: அந்த நம்பரை எங்க எண்ணினாங்க? அரண்மனைல எண்ணுறது ஒரு கணிப்புதான், உண்மையான தராசு மக்களவைல இருக்கு. 2020ல மார்ச் 9 கூட வேண்டிய மக்களவையை மே 18க்குத் தள்ளினாங்க, அன்னைக்கும் மாமன்னர் உரை மட்டும்தான், விவாதமே இல்ல. கொரோனா உண்மையாவே இருந்துச்சு, நான் இல்லங்கல, ஆனா பிரதமர் தன் நம்பரை அவைல காட்டாமலே ரெண்டரை மாசத்துக்கு மேல போச்சு, அது எனக்கு இன்னும் உறுத்துது. 2022ல அன்வார் டிசம்பர் 19 மக்களவை கூடின முதல் நாளே நம்பிக்கைத் தீர்மானம் கொண்டு வந்து குரல் வாக்குல ஜெயிச்சாரு. அப்படித்தான் இருக்கணும், அரண்மனைல கூட்டின கணக்கை அவைல கொண்டாந்து சரிபார்த்துடணும்.

எண்ணுறது எங்கங்கிற சண்டை கோர்ட்டு வரைக்கும் போயிருக்கு. 1966ல சரவாக் முதலமைச்சர் ஸ்டீபன் காலோங் நிங்கான், 42 பேர் சட்டமன்றத்துல 21 பேர் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதத்தை வச்சு ஆளுநர் அவரைத் தூக்கிட்டாரு. கூச்சிங் ஐகோர்ட்டு, அதெல்லாம் செல்லாது, நம்பிக்கை போச்சான்னு சட்டமன்றத்துல ஓட்டெடுத்துப் பார்க்கணும்னு சொல்லி நிங்கானைத் திரும்ப உக்கார வச்சுச்சு. (ஒரே வாரத்துல மத்திய அரசாங்கம் அவசரகாலம் அறிவிச்சு வேற வழில அவரை இறக்கினது தனிக் கதை.) 2009ல பேராக். 59 பேர் சட்டமன்றம், பக்காத்தான் ராக்யாட் 31, தேசிய முன்னணி 28. மூணு பேர் கட்சி மாறினாங்க, கணக்கு தலைகீழ். பக்காத்தானோட மந்திரி பெசார் (மாநில முதலமைச்சர்) நிசார், சட்டமன்றத்தைக் கலைங்கன்னு சுல்தான் அஸ்லான் ஷாகிட்ட கேட்டாரு. அவர் இப்ப தேசிய முன்னணி பக்கம் நிக்கிற 31 பேரை நேர்ல பார்த்து விசாரிச்சுட்டு, கலைக்க முடியாது, நீங்க விலகணும்னுட்டாரு, மறுநாள் தேசிய முன்னணியோட சம்ரி பதவியேத்தாரு. 2010ல நாட்டோட உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம், நம்பிக்கை போனதை சட்டமன்றத்துக்கு வெளியவும் தெரிஞ்சுக்கலாம்னு தீர்ப்பு சொல்லி சம்ரி பக்கம் முடிச்சுச்சு. அஸ்லான் ஷா சாதாரண ஆள் இல்ல, சுல்தானாகறதுக்கு முன்னாடி நாட்டோட தலைமை நீதிபதியா இருந்தவரு, அப்படிப்பட்டவர் எடுத்த முடிவையே இன்னைக்கு வரைக்கும் சட்டம் படிச்சவங்க ரெண்டு பக்கமா நின்னு வாதாடுறாங்க. என் கருத்து கேட்டா நிங்கான் கேஸ்ல சொன்னதுதான் மக்களுக்குப் புரியுற முறை, கண்ணு முன்னாடி கை தூக்கி எண்ணிட்டா அப்புறம் யாரும் வாய் திறக்க முடியாதுல்ல? ஆனா இப்ப நடக்கிற சட்டம் பேராக் தீர்ப்பு வழிதான்.

பேராக்ல பார்த்தீங்கன்னா ரெண்டாவது சொந்த முடிவும் சேர்ந்தே வந்துடுச்சு, கலைக்க மாட்டேன்னு சொல்றது. இதை நல்லாப் புரிஞ்சுக்கணும். மாமன்னர் தானா எழுந்து நாடாளுமன்றத்தைக் கலைக்க முடியாது, பிரதமர் வந்து கேக்கணும், கேட்டா சரின்னும் சொல்லலாம் முடியாதுன்னும் சொல்லலாம். 2022 அக்டோபர்ல இஸ்மாயில் சப்ரி போய்க் கேட்டாரு, மழைக்காலம், வெள்ளம் வரப்போகுதுன்னு நாடே திட்டுது, அரண்மனை அறிக்கைல மாமன்னர் நாட்டு அரசியல் நிலவரம் பார்த்து வருத்தப்படறதாவும் வேற வழி இல்லாம இணங்கினதாவும் போட்டிருந்தாங்க. இந்த மாதிரி வரியைத் தேடிப் படிங்க. "இணக்கம் தெரிவித்தார்"னு மொட்டையா இருந்தா வழக்கமான விஷயம், "வேற வழியில்லாம"ன்னு ஒண்ணு சேர்ந்து வந்தா உள்ள பெரிய பேச்சுவார்த்தை நடந்திருக்குன்னு அர்த்தம்.

அப்ப பிரதமரை மாமன்னர் டிஸ்மிஸ் பண்ணலாமா? வாட்ஸ்அப்புல மாசம் ஒரு தடவை இது வந்துடும். மத்த அமைச்சர்களை எடுக்கலாம், அதுவும் பிரதமர் சொன்னாத்தான். பிரதமரைப் பத்தி அரசியலமைப்பு சொல்றது இவ்வளவுதான்: பெரும்பான்மையோட நம்பிக்கையை இழந்துட்டா ஒண்ணு கலைக்கச் சொல்லி மாமன்னர்கிட்ட கேக்கணும், அவர் கலைக்கலன்னா அமைச்சரவையோட ராஜினாமா கொடுக்கணும். கோபம் வந்துச்சு, பிடிக்கலன்னு அனுப்புற வழி அதுல கிடையாது.

இதுவரைக்கும் சொன்னதுல கோடு தெளிவு. தெளிவில்லாத இடமும் இருக்கு, அவசரகாலம். 150வது பிரிவு மாமன்னருக்கு "தோணினா" அறிவிக்கலாம்னு எழுதியிருக்கு, 40வது பிரிவு ஆலோசனைப்படி நடக்கணும்குது, பொதுவா வக்கீல்கள் ஆலோசனைதான் மேலன்னு சொல்வாங்க. 2020 அக்டோபர்ல முகிதின் அவசரகாலம் வேணும்னு கேட்டாரு, மாமன்னர் மத்த ஆட்சியாளர்களைக் கூப்பிட்டுக் கலந்து பேசிட்டு, 25ஆம் தேதி, இப்ப தேவையில்லன்னுட்டாரு. அரசாங்கமும் சரின்னு விட்டுடுச்சு. அடுத்த ஜனவரி 12 அதே மாமன்னர் அறிவிச்சாரு, ஆகஸ்டு 1 வரைக்கும். அப்புறம் ஜூலைல சட்ட அமைச்சர் மக்களவைல எழுந்து, அவசரகாலச் சட்டங்களை எல்லாம் ரத்து பண்ணியாச்சுன்னாரு. மூணு நாள் கழிச்சு 29ஆம் தேதி அரண்மனைல இருந்து அறிக்கை, என் ஒப்புதல் இல்லாமலே சொல்லிட்டாங்க, ரொம்ப ஏமாற்றமா இருக்குன்னு. அன்னைக்கு நான் வேலைல இருந்தேன், ஆபீஸே போனைத் தூக்கி வச்சுக்கிட்டுப் படிச்சுச்சு, மலாய்க்காரர், சீனர், நம்மாளு எல்லார் முகத்துலயும் ஒரே மாதிரி வாய் பிளந்து கிடக்கு. பிரதமர் அலுவலகம் நாங்க சட்டப்படிதான் செஞ்சோம்னு பதில் சொல்லுச்சு. சட்டம் யார் பக்கம்னு நான் தீர்ப்புச் சொல்லப் போறதில்ல, ஆனா மூணு வாரத்துக்குள்ள முகிதின் பதவில இல்ல. பெரும்பான்மை நூலிழைல தொங்குற பிரதமர்கிட்ட அரண்மனையோட ஒரு வார்த்தைக்கு எவ்வளவு கனம்னு அதுல தெரிஞ்சுக்கலாம். 150 சீட்டு வச்சிருக்கிற பிரதமரா இருந்தா அந்த அக்டோபர் மாசமே கதை வேற மாதிரி போயிருக்கும்.

அரண்மனைக்கு இன்னொரு உரிமை இருக்கு, யாரும் பேசறதில்ல: அமைச்சரவைகிட்ட இருக்கிற எந்தத் தகவலையும் மாமன்னர் கேட்டா கொடுக்கணும். கேபினட் கூட்டத்துக்கு முன்னாடி பிரதமர் போய் அவரைப் பார்க்கிற வழக்கம் அதனாலதான், அந்த ரூமுக்குள்ள என்ன பேசறாங்கன்னு வெளிய வராது, வரவும் கூடாது. அங்க அவர் கேள்வி கேக்கலாம், எச்சரிக்கலாம், கடைசி முடிவு மட்டும் கேபினட்டோடது.

மன்னிப்பு பத்தியும் ஒரு வார்த்தை. கூட்டரசுப் பிரதேசத்துக் கேஸுன்னா மாமன்னர், மாநிலத்துக் கேஸுன்னா அந்த மாநிலத்துச் சுல்தான் அல்லது ஆளுநர், பக்கத்துல மன்னிப்பு வாரியம். 2018 மே 16 அன்வாருக்கு முழு மன்னிப்பு, 2024 தொடக்கத்துல முன்னாள் பிரதமர் நஜிப்போட தண்டனை 12 வருஷத்துல இருந்து 6ஆக் குறைஞ்சது, ரெண்டும் இந்த வழிதான். இதுல அரசாங்கம் எவ்வளவு, அரண்மனை எவ்வளவுன்னு வெளிய இருந்து பிரிச்சுப் பார்க்கிறது கஷ்டம், அதனால ஒரு பக்கமா அடிச்சுப் பேசாதீங்க.

மாநிலச் செய்தின்னா இதே கணக்கைச் சின்ன அளவுல போட்டுக்கங்க. ஒன்பது மாநிலத்துல ராஜா இருக்காரு, பெர்லிஸ்ல ராஜா, நெகிரி செம்பிலான்ல யாங் டி-பெர்துவான் பெசார், மத்த ஏழுல சுல்தான். பினாங்கு, மலாக்கா, சபா, சரவாக் நாலுக்கும் ஆளுநர். மாநிலத்துல சுல்தானோட கை கொஞ்சம் நீளம்னுதான் நான் சொல்வேன். 2008ல திரெங்கானுல பிரதமர் சொன்ன ஆளுக்குப் பதிலா அரண்மனை அகமட் சைட்டை மந்திரி பெசாராக்குச்சு, 2014ல சிலாங்கூர்ல வான் அசிசா பேரைக் கட்சிங்க கொடுத்தும் சுல்தான் இன்னும் பேர் வேணும்னு கேட்டு, கடைசில அஸ்மின் அலி வந்தாரு. கட்சி ஒரே பேரைத்தான் கொடுப்போம்னு அடம்பிடிக்கிறதும், அரண்மனை ரெண்டு மூணு பேரைக் கொடுங்கன்னு கேக்கிறதும் மாநிலத் தேர்தலுக்கப்புறம் அடிக்கடி நடக்கிற கூத்து, அடுத்த தடவை பாருங்க.

மாமன்னரே எப்படி வர்றாருன்னு கேப்பீங்க. ஒன்பது ஆட்சியாளர்களும் கூடி ரகசிய வாக்கெடுப்புல அஞ்சு வருஷத்துக்கு ஒருத்தரைத் தேர்ந்தெடுப்பாங்க, ஆளுநர்கள் அந்தக் கூட்டத்துல ஓட்டுப் போட முடியாது. 1957ல முதல் ஆள் நெகிரி செம்பிலான் துவாங்கு அப்துல் ரகுமான், ரிங்கிட் நோட்டை எடுத்துப் பாருங்க, அவர்தான். அப்புறம் சிலாங்கூர், பெர்லிஸ், திரெங்கானு, கெடா, கிளந்தான், பகாங், ஜொகூர், பேராக்னு ஒரு சுற்று வந்துச்சு, அதே வரிசைதான் இப்பவும். 2019 ஜனவரில கிளந்தான் சுல்தான் நடுவுலயே விலகினாரு, அப்படி விலகின முதல் ஆள், வரிசைப்படி பகாங் வந்துச்சு. 2024 ஜனவரி 31ல இருந்து ஜொகூர் சுல்தான் இப்ராகிம், 17வது மாமன்னர்.

பேசறப்ப ஒரு எச்சரிக்கை. தமிழ்ப்பள்ளில படிச்சவங்க எல்லாரும் சபைகூடல்ல நின்னு "பேரரசருக்கும் நாட்டிற்கும் விசுவாசம் செலுத்துதல்"னு சொல்லி வளர்ந்தவங்கதான், அது ருக்குன் நெகாராவோட, அதாவது நாட்டோட தேசியக் கோட்பாடுகளோட, ரெண்டாவது கோட்பாடு. அதைத் தாண்டிச் சட்டமும் இருக்கு, நிந்தனைச் சட்டம் சும்மா அலமாரில தூங்கல, அரச பதவியையே எடுத்துடணும்னு நாடாளுமன்றத்துக்குள்ள எம்பிகூடப் பேச முடியாது. 1993க்கப்புறம் ஆட்சியாளர்கள் மேல கேஸ் போடலாம், அதுக்குன்னு சிறப்பு நீதிமன்றம் இருக்கு, அதுக்காக பேஸ்புக்குல ராத்திரி 2 மணிக்கு வீரம் காட்டணும்னு இல்ல. ஒரு முடிவு பிடிக்கலயா, அது ஆலோசனைப்படி நடந்ததான்னு பாருங்க, ஆமான்னா உங்க கேள்வி போக வேண்டிய விலாசம் புத்ராஜெயா, அதாவது அரசாங்கம். பாதிக் கோபம் தப்பான வாசலுக்குப் போகுது.

கடைசியா ஒரு வேலை. அரண்மனை அறிக்கைன்னு போன்ல எது வந்தாலும் உடனே அடுத்த குரூப்புக்குத் தள்ளாதீங்க. உண்மையான அறிக்கை மலாய்ல இருக்கும், அடில இஸ்தானா நெகாராவோட டத்தோ பெங்கெலோலா பிஜாயா டிராஜா, அதாவது அரண்மனை நிர்வாகி, பேரும் தேதியும் இருக்கும், தேசியச் செய்தி நிறுவனம் பெர்னாமாலயும் அதே வாசகம் வந்திருக்கும். அதை எடுத்து "பெர்கெனான்" எங்க வருது, "நசிஹாத்" எங்க வருதுன்னு பாருங்க, முதலாவது இணங்கினாரு, ரெண்டாவது அறிவுரை சொன்னாரு. தமிழ்ச் செய்தில ரெண்டும் சில நேரம் "உத்தரவிட்டார்"னு ஆயிடுது. எங்க பய இப்ப அதைப் பார்த்துட்டுத்தான் எனக்கு அனுப்புறான், போன தடவை ஒரு எழுத்துப்பிழையை வச்சே அது போலின்னு கண்டுபிடிச்சு குடும்ப குரூப்புல பெரியப்பாவையே திருத்திட்டான், பெரியப்பா இன்னும் அவன்கிட்ட பேசல.